கவிழ்த்தாலும் சிந்தாத தண்ணீர்

சின்னக் கண்ணாடிக் குப்பியைத் தலைகீழாகக் கவிழ்க்க வேண்டும். உள்ளே இருப்பது வழிந்து மூடிக்குள் விழுந்தால் தோல்வி. விழாமல் அடியிலேயே ஒட்டிக்கொண்டு நின்றால் அது ஜெல். ஆராய்ச்சியில் சேர்ந்த முதல் இரண்டு வருடங்களில் எத்தனை நூறு குப்பிகளைக் கவிழ்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. அத்தனையும் விழுந்தன.

அது இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். டெல்லி பஸ்கள் சி.என்.ஜி.க்கு மாறியிருந்தன, மெட்ரோவுக்காக ஊரைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். தெற்கு டெல்லியில் ஒரு ஆய்வுக்கூடத்தில் நான் வேலை பார்த்தேன். வேலையைச் சொல்வது சுலபம். புரதங்கள் அமினோ அமிலங்கள் என்ற சிறு துண்டுகளால் ஆனவை. அவற்றில் இரண்டோ மூன்றோ துண்டுகளை மட்டும் கோத்தால் கிடைப்பது பெப்டைட். சரியான பெப்டைடாக அமைந்துவிட்டால், அதைத் தண்ணீரில் விட்டதும் மூலக்கூறுகள் தாமாகவே ஒன்றையொன்று தேடிப் பிடித்து, வரிசையாக நின்று, நூலாகி, நூல்கள் பின்னி வலையாகி, மொத்தத் தண்ணீரையும் அசையாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். காய்ச்ச வேண்டாம், பசை சேர்க்க வேண்டாம். நூறு பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு பொருள்கூட வேண்டாம். உடம்பிலேயே இருக்கும் பொருள்களால் ஆனது என்பதால் உடம்புக்குக் கெடுதல் செய்யாது என்று ஒரு நம்பிக்கை. அதற்குள் மருந்தை வைக்கலாம், புண்மேல் பூசலாம், செல்களை வளர்க்கலாம். நான் சேர்ந்த அன்று என் வழிகாட்டிப் பேராசிரியை இதையெல்லாம் சொன்னபோது, அடுத்த மாதமே செய்துவிடலாம் போலத்தான் எனக்குத் தோன்றியது.

பேராசிரியையை எல்லோரும் மேடம் என்றுதான் கூப்பிடுவோம். ஆங்கிலத்தில் பேசுவார். கோபம் வந்தால் ஹிந்திக்கு மாறிவிடுவார். என்னிடம் பெரும்பாலும் ஹிந்தியில்தான் பேசினார். காரணம், என்னால் சும்மா இருக்க முடியாது. கரைசலைக் கலந்தபின் குப்பியை ஆறு மணி நேரமாவது தொடாமல் விட வேண்டும். நான் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை போய்ச் சாய்த்துப் பார்ப்பேன். பின்னிக்கொள்ள ஆரம்பித்த நூல்களை நானே பிய்த்துவிடுகிறேன் என்று மேடம் திட்டுவார். ஒருநாள் குப்பி ஸ்டாண்டின்மேல் 'ஹாத் மத் லகானா' என்று, கை வைக்காதே என்று, பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிட்டார். மேஜையில் ஐந்து பேர் வேலை செய்தோம். அது யாருக்கு என்று எல்லோருக்கும் தெரியும்.

மூன்றாவது வருட ஜனவரியில், மூடுபனியால் பஸ் ஊர்ந்து வந்து நான் தாமதமாகப் போய்ச் சேர்ந்த ஒரு காலையில், குப்பியைக் கவிழ்த்தேன். விழவில்லை. இன்னொரு தடவை கவிழ்த்தேன். உள்ளங்கையில் தட்டினேன். லேசாக நடுங்கியது. விழவில்லை. ஸ்வெட்டரோடு, தோளில் மாட்டிய பையோடு, அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டே மேடத்தின் அறைக்குப் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"ரிபீட் பண்ணினாயா?"

"பண்ணுகிறேன் மேடம்."

அதே பொருளில் அந்த வாரம் மூன்று தடவை செய்தேன். மூன்று தடவையும் நின்றது. பிப்ரவரியில் மேடம் அதன் படத்தை என் வேலையை மதிப்பிடும் ஆய்வுக் குழுவுக்குக் காட்டினார். ஒன்றை மட்டும் நான் சொல்லவில்லை. ஒரு பொருள் எவ்வளவு சுத்தம் என்று காட்ட எங்களிடம் ஒரு கருவி இருந்தது. கரைசலை ஒரு குழாய் வழியாக அனுப்பினால், அதிலுள்ள ஒவ்வொரு பொருளையும் தனித்தனி மேடாகத் தாளில் வரைந்து கொடுக்கும். அந்த மாதம் அது பழுதாகிக் கிடந்தது. சரிசெய்ய வரவேண்டியவர் வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு சாதாரணச் சோதனையைச் செய்து, தகட்டில் ஒரே ஒரு புள்ளி தெரிந்ததும், போதும், சுத்தமாகத்தான் இருக்கிறது என்று அடுத்த வேலைக்குத் தாவிவிட்டேன். கருவி சரியானபின் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். கருவி மார்ச்சில் சரியானது. நான் பார்க்கவில்லை.

நாங்கள் லக்ஷ்மிபாய் நகரில் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா ஒரு அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர். இருபத்திரண்டு வயதில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்தவர். வீட்டுக்குள் அந்த ஊர்த் தமிழ், படியிறங்கினால் ஹிந்தி. அந்த வருடம் மே மாதக் கடைசியில் அவர் ஓய்வுபெற வேண்டும். சாயங்காலம் பூங்காவில் நடக்கும்போது, ஏற்கெனவே ஓய்வுபெற்ற தமிழ் ஆபீசர்களிடம், "எம்மக புண்ணை ஆத்துத மருந்து கண்டுபிடிக்கா" என்று சொல்லிவிட்டார். அவர்கள் வழியில் என்னைப் பார்த்து விசாரிக்க ஆரம்பித்தார்கள்.

"மருந்து இல்லப்பா. இப்பதான் ஜெல்லே ஆயிருக்கு. மருந்தாக வருஷக்கணக்காகும். ஆகாமலும் போகலாம்."

"அச்சா, சரி. ஜெல்லுன்னே சொல்லுதேன்" என்றார். மறுநாளும் மருந்து என்றுதான் சொன்னார்.

அம்மா அதைப் பார்க்காமலே, "கடல்பாசி மாதிரி இருக்குமா?" என்று கேட்டாள். பார்ப்பதற்கு அப்படித்தான் இருக்கும் என்றேன். அதற்குமேல் அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

ஓய்வுபெறும் நாளுக்காக அப்பா புது ஷூ வாங்கியிருந்தார். பழக வேண்டும் என்று மார்ச்சிலேயே போட்டுக்கொண்டு ஆபீஸ் போனார். பல வருடங்களாக அவருக்குச் சர்க்கரை நோய். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தது அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவருடைய சாக்ஸைத் துவைக்க எடுத்த அம்மா, இரண்டாம் விரல் பக்கம் அது விறைத்துக் கறுத்திருந்ததைப் பார்த்துக் கத்தினாள். விரலுக்குக் கீழே தோல் வழன்று, சட்டைப் பொத்தான் அளவுக்குக் குழிந்திருந்தது.

"வலிக்கவே இல்லட்டி" என்றார் அப்பா என்னைப் பார்த்து, அது ஏதோ நல்ல செய்தி மாதிரி.

டிஸ்பென்சரியில் காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மருந்து வைத்துக் கட்டுவதற்குக் காலையில் ஒருவர் வீட்டுக்கு வருவார். சாயங்காலம் அம்மா கட்டுவாள். கட்டுப் போடுகிறவர் ஒவ்வொரு நாளும் போகும்போது, "பைர் நீச்சே மத் ரக்கியே, பாபுஜி" என்று, காலைக் கீழே வைக்காதீர்கள் என்று, கெஞ்சுவதுபோலச் சொல்லிவிட்டுப் போவார். அப்பா தலையாட்டுவார். அவர் படியிறங்கும் சத்தம் அடங்குவதற்குள் குதிகாலை ஊன்றி எழுந்து பால்கனிக்குப் போய்விடுவார். அந்த விஷயத்தில் நான் அவர் பெண்தான். ஒருவர் கட்டிலில் கிடக்க முடியாமலும் இன்னொருவர் நாற்காலியில் உட்கார முடியாமலும், அந்த இரண்டு அறை வீட்டில் நாங்கள் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டோம். அம்மா இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டினாள்.

ஏப்ரலில் என் முதல் பொருள் தீர்ந்துவரத் தொடங்கியது. புதிதாக ஒரு தொகுதி தயாரித்தேன். இந்த முறை எல்லாவற்றையும் கவனமாகச் செய்தேன். இரண்டு தடவை சுத்திகரித்தேன். உறையவைத்து உலர்த்தியபோது பஞ்சுபோல வெள்ளையாக வந்தது. தண்ணீரில் கலந்து விட்டு, எட்டு மணி நேரம் தொடவே இல்லை. கவிழ்த்தேன். மூடிக்குள் வந்து விழுந்தது.

உப்பைக் கூட்டினேன், குறைத்தேன். அமிலத்தன்மையை மாற்றினேன். குளிரினால்தான் அன்று நின்றதோ என்று குளிர்பெட்டியில் வைத்தேன். ஏப்ரல் முடிந்து மின்சாரம் போக ஆரம்பித்தபோது, வெப்பத்தால்தான் கெடுகிறதோ என்று ஐஸ் வாங்கிவந்து சுற்றிலும் போட்டேன். ஒவ்வொரு நாளும் ஒரு புதுக் காரணம் தோன்றும், அன்று மாலைக்குள் பொய்யாகும். மேடம் முதலில் தினமும் கேட்டார். பிறகு வாரம் ஒருமுறை கேட்டார். பிறகு என் மேஜையைக் கடக்கும்போது குப்பிகளைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனார்.

வீட்டில் புண் ஆழமாகிக்கொண்டிருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினோம். இன்னும் இரண்டு வாரம் பார்க்கலாம், ஆறாவிட்டால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். மறுநாள் நான் கிளம்பும்போது அப்பா கூப்பிட்டார்.

"ஏட்டி, உன் ஜெல்லைக் கொஞ்சம் கொண்டாயேன்."

"அதை ஆளுக்குப் போடக் கூடாதுப்பா. எலிக்குக்கூட இன்னும் போட்டுப் பாக்கல."

"எலிக்குப் பதிலா எனக்குப் போடு. என்னான்னு பாத்துக்கிடுவோம்."

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அன்று சாயங்காலம் திரும்பியபோது கட்டில் ஓரத்தில் ஒரு தாள் கிளிப் போட்டு வைத்திருந்தது. முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் கோப்புகளில் குறிப்பு எழுதிய கை. ஆங்கிலத்தில், எண் போட்ட மூன்று பத்திகள். நோயாளி தன் சொந்த விருப்பத்தின் பேரில் இந்தப் பொருளைப் பயன்படுத்துகிறார், விளைவு எதுவானாலும் அவருடைய மகளோ அவள் வேலை செய்யும் நிறுவனமோ பொறுப்பாக மாட்டார்கள் என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டிருந்தார். சாட்சிக்கு ஒரு கோடு காலியாக விட்டிருந்தார்.

"அம்மாவைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னேன். உங்கிட்ட கேட்டுட்டுப் போடுதேங்கா" என்றார்.

நான் அந்தத் தாளைப் படித்தேன், மடித்தேன், மறுபடி பிரித்துப் படித்தேன். கோபம்தான் வந்தது. அவர்மேல் இல்லை. அன்றும் நிற்காமல் விழுந்த நாற்பது குப்பிகளைக் கழுவிவிட்டு வந்திருந்தேன்.

என் முதல் தொகுதியில் குப்பியின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது சில மில்லிகிராம்தான். மே இரண்டாம் வாரத்தில் ஒருநாள் காலை, எதற்கு என்று எனக்கே தெளிவாகச் சொல்லிக்கொள்ளாமல், அதைச் சுரண்டி எடுத்துக் கலந்தேன். மத்தியானம் கவிழ்த்தபோது நின்றது. ஜனவரியில் நின்றதுபோலவே, தண்ணீர்த் தெளிவாக, லேசாக நடுங்கிக்கொண்டு. அதை மேடத்திடம் காட்டவில்லை. கிருமி நீக்கிய கரண்டி ஒன்றை அலுமினியத் தாளில் சுற்றினேன். குப்பியைப் பஞ்சில் பொதிந்து சாப்பாட்டுப் பைக்குள் வைத்தேன். நாலு மணிக்கே கிளம்பிவிட்டேன்.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் உட்காரவில்லை. பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு பள்ளத்திலும் உள்ளே அது உடைந்துவிட்டதாகத் தோன்றியது. உடைந்துவிட்டால் நல்லது என்றும் தோன்றியது. ஐ.என்.ஏ. மார்க்கெட் அருகே சாலை வேலைக்காகப் பஸ் வளைந்து வளைந்து போனது. இறங்கி வெயிலில் நடந்து வீட்டுக்கு வந்து, கூடத்தில் நின்றபடியே குப்பியை எடுத்துக் கவிழ்த்தேன். அப்படியே நின்றது.

மின்சாரம் இல்லை. அப்பாவை ஜன்னல் பக்கம் நாற்காலியில் உட்காரவைத்து, காலை முக்காலியில் தூக்கி வைத்தோம். நான் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினேன். அம்மா கட்டைப் பிரித்தாள். இத்தனை நாள் பக்கவாட்டில் நின்று பார்த்திருந்தேனே தவிர, அவ்வளவு கிட்டத்தில் நான் அந்தப் புண்ணைப் பார்த்ததில்லை. ஓரங்கள் வெளுத்துத் தடித்திருந்தன. நடுவில் ஏதோ மங்கலாக மின்னியது. அப்பா புண்ணைப் பார்க்கவில்லை, குப்பியைத்தான் பார்த்தார்.

"எவ்வளவு தெளிவா இருக்கு பாரு. கங்கா ஜலம் கணக்கா" என்றார் அம்மாவிடம்.

மூடியைத் திறந்தேன். அம்மா மூக்கைச் சுளித்தாள்.

"பூண்டு வாடை அடிக்கே. இதுலயா பூண்டு போடுத?"

"பூண்டு இல்லம்மா. கரைக்கிறதுக்கு ஒரு திரவம் சேப்போம். அதோட வாடை."

வாயால் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கை நின்றுவிட்டது. அந்தத் திரவம் தோலுக்குள் நேராக ஊடுருவிப் போகும், போகும்போது தன்னோடு கரைந்திருப்பதையும் சேர்த்துக் கொண்டுபோகும். அதனால்தான் கையுறை இல்லாமல் அதை நாங்கள் தொடுவதில்லை. இங்கே தோல்கூட இல்லை. அது எதைக் கொண்டுபோகும்? என் பெப்டைடை. அதோடு வேறு என்ன? பழைய தொகுதி ஒவ்வொரு தடவையும் நிற்கிறது, அதைவிடச் சுத்தமான புதியது ஒரு தடவையும் நிற்பதில்லை. அப்படியென்றால் பழையதில் புதியதில் இல்லாத ஏதோ ஒன்று இருக்கிறது. அது என்னவென்று எனக்குத் தெரியாது. ஒரு மாதமாக உப்பையும் குளிரையும் மாற்றிக்கொண்டிருந்தவள், இவ்வளவு நேரான ஒன்றை யோசிக்கவே இல்லை. யோசிக்க விரும்பவில்லை என்றுதான் இப்போது நினைக்கிறேன். யோசித்திருந்தால் ஜனவரியில் செய்யாமல் விட்ட சோதனையில் போய் நின்றிருப்பேன்.

மூடியைத் திருகி மூடினேன்.

"என்னட்டி?" என்றார் அப்பா.

"வேண்டாம்ப்பா. இதுல என்ன இருக்குன்னு எனக்கே முழுசாத் தெரியல."

"நீதானட்டி செஞ்ச?"

"ஆமாப்பா. நான்தான் செஞ்சேன். இருந்தாலும் தெரியல."

அம்மாவின் முகம் மாறியது. கையில் பிரித்த கட்டோடு நின்றுகொண்டிருந்தவள், "அப்ப எதுக்குட்டி கொண்டாந்த? கொண்டாந்து அவரு முன்னால தொறந்து காட்டிட்டு மூடுத? மூணு வருஷமா அங்க என்னத்தத்தான் பண்ணுத?" என்றாள்.

"நீ சும்மா இரு" என்றார் அப்பா அவளிடம். என்னிடம், "விரலை எடுத்துருவாங்கட்டி" என்று மட்டும் சொன்னார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. நான் குப்பியைத் திரும்பப் பஞ்சில் பொதிந்தேன். அவர், "சரி, கட்டு" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, ஓடாத மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அன்று நான் ஒழுங்காகச் சாப்பிடவும் இல்லை, ஒரு இடத்தில் நிற்கவும் இல்லை.

மறுநாள் முதல் பஸ்ஸில் போய், குப்பியிலிருந்த ஜெல்லைக் கரைத்தேன். அதோடு அந்தப் பொருள் முடிந்தது, இனி அதிலிருந்து ஒரு துளி ஜெல்லும் செய்ய முடியாது. கரைத்ததைக் கருவியில் செலுத்தினேன். தாளில் முதலில் பெரிய மேடு வந்தது. நான் நகரவில்லை. நாலு நிமிடம் கழித்து, அதன் பக்கத்தில் சின்னதாக இன்னொரு மேடு எழுந்தது. கலப்படம். துண்டுகளைக் கோக்கும்போது, ஒரு துண்டு தவறுதலாக இரண்டு தடவை கோக்கப்பட்டுவிட்ட சற்று நீளமான பெப்டைட் என்று பிறகு கண்டுபிடித்தேன். அது கொஞ்சம் இருந்ததால்தான் மற்றவை அதைப் பிடித்துக்கொண்டு நூலாகியிருக்கின்றன. புதியதில் நான் அதைச் சுத்தமாகக் கழுவி எறிந்திருந்தேன்.

தாளைக் கிழித்துக்கொண்டு மேடத்தின் அறைக்குப் போனேன். ஜனவரியில் சோதிக்காமல் விட்டதைச் சொன்னேன். நேற்று குப்பியை வீட்டுக்குக் கொண்டுபோனதையும் சொன்னேன். அதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்துப் போகவில்லை, வாயில் வந்துவிட்டது. மேடம் தாளை மேஜையில் வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"ஜன்வரி மே கியோங் நஹி பதாயா?" ஜனவரியிலேயே ஏன் சொல்லவில்லை?

"அவசரப்பட்டுட்டேன் மேடம்."

"கமிட்டிக்கு நான் படம் காட்டிவிட்டேன். அந்தப் படத்தில் இருந்தது என்ன?"

"கலப்படத்தோட சேர்ந்த ஜெல்."

அவர் எழுந்து ஜன்னலருகே போனார். வெளியே பார்த்தபடியே, "பிதாஜியின் காலில் போட்டாயா?" என்று கேட்டார்.

"இல்ல மேடம்."

"பக்கா?"

"பக்கா, மேடம்."

அவர் உட்கார்ந்தார். பிறகுதான் திட்ட ஆரம்பித்தார், அரை மணி நேரம், முழுக்க ஹிந்தியில். ஆய்வுக்கூடத்துப் பொருளை வெளியே கொண்டுபோனதற்கு என்னை அனுப்பியே விடலாம் என்றார். அதை அவர் செய்யவில்லை. குழு அடுத்த முறை கூடும்போது என் வாயாலேயே எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

அந்த வாரக் கடைசியில் அப்பாவின் இரண்டாம் விரலை எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அம்மா என்னோடு பேசாமல் உட்கார்ந்திருந்தாள். ஒரு தடவை மட்டும், என் பக்கம் திரும்பாமலே, "அன்னைக்குப் போட்டிருந்தா ஆறியிருக்குமோ என்னமோ" என்றாள். அந்த வாக்கியம் பல வாரங்கள் என்னோடு பஸ்ஸில் வந்தது.

மே மாதக் கடைசி நாள் அப்பா ஆபீஸுக்குப் போயே தீருவேன் என்றார். புது ஷூவை அம்மா எங்கேயோ கண்காணாமல் போட்டுவிட்டாள். பெரிய கட்டோடு, முன்பக்கம் வெட்டிய ரப்பர் செருப்பில், ஆட்டோவில் போனோம். லிஃப்ட் வேலை செய்தது. அவருடைய செக்‌ஷனில் மாலை போட்டார்கள், ஒரு கடிகாரம் கொடுத்தார்கள். நன்றி சொல்ல எழுந்தவர், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றபடியே கால் மணி நேரம் பேசினார். உட்காருங்கள் என்று யார் சொல்லியும் கேட்கவில்லை.

ஜூனில் அந்தக் கலப்படப் பொருளைத் தனியாகவே செய்தேன். சுத்தமான பெப்டைடோடு பழைய அளவில் சேர்த்தேன். ஜெல் நின்றது, எத்தனை தடவை செய்தாலும் நின்றது. முதல்முறையாக ஏன் நிற்கிறது என்றும் தெரிந்திருந்தது. அதன்பின் செய்ய வேண்டியது, அதைத் தோல் செல்களின்மேல் வைத்துப் பார்ப்பது. தட்டின் அடியில் ஒட்டி நீளநீளமாகப் படர்ந்திருக்கும் செல்கள் அவை. உயிரோடு இருக்கும்வரை அப்படித்தான் இருக்கும். ஜெல்லை வைத்து மூடிவிட்டு, அடுத்த நாள் நுண்ணோக்கியில் கண் வைத்தேன்.

படர்ந்திருந்தவை எல்லாம் சுருண்டு உருண்டையாகியிருந்தன. பாதிக்கு மேல் தட்டைவிட்டுக் கழன்று மிதந்துகொண்டிருந்தன. ஜெல் வைக்காத தட்டில் செல்கள் எப்போதும்போலப் படர்ந்து கிடந்தன. இன்னும் இரண்டு தடவை செய்தேன், அதே கதைதான். கொன்றது கலப்படமா, கரைக்கும் திரவமா, இரண்டும் சேர்ந்தா என்று உடனே சொல்ல முடியவில்லை. மூன்றாவது தடவை பார்த்துவிட்டு வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். மேடம் அந்த வழியாக வந்தவர், பக்கத்தில் நின்றார். பிறகு, "உள்ளே போ, படத்தை எடுத்து வை. அதையும் காட்ட வேண்டும்" என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். இரண்டு பேரையும் உட்காரவைத்து, பாதித் தமிழிலும் பாதி ஹிந்தியிலும், செல் என்றால் என்ன, அது எப்படிச் செத்தது என்று சொன்னேன். அப்பா சத்தமாகச் சிரித்தார்.

"அப்ப நான் தப்பிச்சேன்னு சொல்லு! விரலோட போச்சு. இல்லன்னா பாதமே போயிருக்கும்."

அம்மா சிரிக்கவில்லை. அடுப்படிக்குள் போனாள். கொஞ்ச நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டு, "நான் ஆஸ்பத்திரில ஒண்ணு சொன்னேன்லா, அதை மனசுல வச்சுக்கிடாத" என்றாள். நான் சரி என்றேன். அது ஏற்கெனவே மனதில்தான் இருந்தது. உடனே எடுத்துப் போட முடிகிற இடத்திலும் இல்லை.

குழு ஆகஸ்டில் கூடியது. அதற்கு முந்தைய நாள் முழுக்க என்னால் ஒரு பக்கம்கூட ஒழுங்காகப் படிக்க முடியவில்லை. ஆனால் அந்த அறையில் நின்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னபோது பெரிதாக எதுவும் நடக்கவில்லை. ஒருவர் கலப்படத்தின் அளவைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். இன்னொருவர் பிப்ரவரியில் காட்டிய படத்தைத் திருத்த வேண்டும் என்றார். திருத்துகிறோம் என்றார் மேடம். பிறகு சமோசா வந்தது.

அதற்குப் பிறகு நாங்கள் அந்த மூலக்கூறையே விட்டுவிட்டோம். மூன்று துண்டுகள் கொண்ட வேறொன்றைச் செய்தேன். அதைக் கரைக்க வெறும் தண்ணீரே போதும். அதில் செல்கள் சாகவில்லை, நாலு நாள்வரை படர்ந்தன. அந்த நாலு நாள்தான் என் ஆய்வேடு. அதற்குமேல் எலிக்குப் போடவும் ஆளுக்குப் போடவும் வேறு யாராவது, வேறு எங்காவது, பல வருடம் வேலை செய்ய வேண்டும். செய்கிறார்களா என்று அவ்வப்போது தேடிப் பார்ப்பேன். அப்பாவின் புண் வெறும் உப்புத் தண்ணீராலும் தினசரிக் கட்டாலும், அம்மா அவரை எழுந்திருக்க விடாமல் போட்ட சண்டையாலும், செப்டம்பருக்குள் ஆறிவிட்டது.

வாய்மொழித் தேர்வு முடிந்த குளிர்காலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பாவும் நானும் பால்கனி வெயிலில் உட்கார்ந்து பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தோம். அதற்குள் நாங்கள் மயூர் விஹாருக்குக் குடிமாறியிருந்தோம். அவருடைய அகலச் செருப்பு பக்கத்தில் கிடந்தது. ஒரு கை காய் உரித்து முடித்தபின், தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அன்னைக்கு நான் இன்னும் கொஞ்சம் கட்டாயப்படுத்தியிருந்தா போட்டிருப்பியாட்டி?"

இல்லை என்றுதான் சொல்ல வந்தேன். அந்த வார்த்தை வரவில்லை. பஸ்ஸில் நாற்பது நிமிடம் அதை அணைத்துக்கொண்டு நின்றவள் நான். கரண்டியைக்கூடக் கிருமி நீக்கி எடுத்துப் போயிருந்தேன்.

"தெரியலப்பா" என்றேன்.

அவர் தலையாட்டினார். அடுத்த காயை எடுத்து நகத்தால் பிளந்தார்.